கோட்டின் நடுவில் நின்றவள்

வெங்கக்கரட்டில் மண் ஒரு முழம்தான். அதற்குக் கீழே பாறை, அந்தப் பாறைக்குக் கீழே இன்னும் பாறை. மேற்கு மலை வருகிற மழையை எல்லாம் தன் அந்தப் பக்கத்திலேயே இறக்கி வைத்துக்கொண்டு வெறும் காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்ப, அந்தக் காற்றில் வெள்ளைக் கற்கள் அடுப்பில் போட்டதுபோல் காந்திக்கொண்டு கிடக்க, எப்போதாவது விழுகிற நாலு தூறலும் பாறை வெடிப்புக்குள் இறங்கி எங்கோ ஆழத்தில் போய் ஒளிந்துகொள்ள, அந்த வெடிப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக வருடம் தவறாமல் சித்திரையில் ஒரு ஜீப் வந்து நிற்கும்.

ஜீப்பிலிருந்து நீர் ஆய்வு செய்கிற இன்பசேகரன் சார் இறங்குவார். கூடவே ஒரு பேட்டரி, ஒரு மீட்டர் பெட்டி, நான்கு இரும்புக் கம்பிகள், இரண்டு பெரிய ஒயர் சுருள்கள் இறங்கும். நேராக ஒரு கோடு பிடித்து, நடுவில் மீட்டரை வைத்து, அதன் இரண்டு பக்கமும் கிட்டத்தில் ஒவ்வொரு கம்பியும் தூரத்தில் ஒவ்வொரு கம்பியும் அடிப்பார்கள். தூரத்துக் கம்பிகள் வழியாக மின்சாரம் பூமிக்குள் போகும். பாறை அதை எவ்வளவு மறிக்கிறது என்று மீட்டர் சொல்லும். காய்ந்த பாறை முரட்டுத்தனமாக மறிக்கும், ஈரம் இருக்கிற வெடிப்பு விட்டுக்கொடுக்கும். தூரத்துக் கம்பிகளை இன்னும் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். ஆனால் என்ன தெரிந்தாலும் அது கோட்டின் நடுவுக்கு நேர் கீழே இருப்பதுதான். எங்கே நடுவோ அங்கேதான் புள்ளி, எங்கே புள்ளியோ அங்கேதான் போர் போடுவார்கள்.

கோட்டின் ஒரு முனை எப்போதும் காலனியில் இருந்தது. இன்னொரு முனை ஊர்த்தெருவைத் தாண்டிக் கோயில் பொட்டலில் இருந்தது. நடு மட்டும் ஒரு வருடம்கூடத் தவறாமல் பஞ்சாயத்துத் தலைவர் பெரியதம்பியின் தென்னந்தோப்பில் போய் விழுந்தது. கோட்டைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தினால் காலனிக்குள் நடு வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஜீப் முதலில் நிற்பது தலைவர் வீட்டு வாசலில், இன்பசேகரன் சார் மோர் குடிப்பது தலைவர் வீட்டுச் சொம்பில். மோர் குடித்த வாய் கோட்டை நகர்த்துமா?

இன்னொரு சங்கதியும் உண்டு. நிலம் அவ்வளவு காய்ந்து கிடப்பதால் கம்பியைச் சும்மா அடித்தால் மின்சாரம் உள்ளே இறங்காது. ஒவ்வொரு கம்பியின் காலிலும் உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பி தள்ளிப் போகப் போக, புதுக் குழிக்குப் புதுத் தண்ணீர். அந்தத் தண்ணீர் காலனியிலிருந்து வந்தது. காலனிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், இரண்டரை கிலோமீட்டர் தள்ளிக் கைவிட்டுப்போன குவாரிக் குழியிலிருந்து, பெண்களின் இடுப்பில் வந்தது. ஊர்த்தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது, காலனிக்குள் லாரி திரும்ப இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, இடுப்பு ஒடியச் சுமந்து வந்த தண்ணீரில் உப்பைப் போட்டு, தலைவர் தோப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் காலனி மண்ணில் ஊற்றினார்கள். இப்படி ஆறு வருடம் ஊற்றினார்கள். ஆறு போரும் புழுதியைக் கக்கிவிட்டு, வாயில் சாக்கும் கல்லும் வைத்து மூடப்பட்டுத் தோப்புக்குள் கிடந்தன.

காலனி முனையில் கம்பி அடித்தவள் அங்காயி. நாற்பத்து நாலு வயது. புருஷன் குவாரி வெடியில் போனவன். மகள் கௌசல்யாவைத் திருப்பூர் மில்லில் வேலை பார்க்கும் பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள், மகள் இப்போது ஏழு மாதத்து வயிற்றோடு தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே குடத்தை எடுத்துக்கொண்டு குவாரிக்குக் கிளம்பியவளை அங்காயி திட்டி உட்கார வைத்தாள், அடுத்த நாள் அவளாலும் உட்கார வைக்க முடியவில்லை. ஒரு குடம் குடிக்க, ஒரு குடம் சமைக்க, ஒரு குடம் கம்பிக்கு என்றால் இரண்டு பேர் நடந்தால்தான் ஆகும்.

ஏழாவது வருடம், சித்திரை பன்னிரண்டாம் தேதி, காலை பத்தேகால் மணிக்குப் பாறைக்குள் இருந்த வெடிப்பு அங்காயியோடு கிளம்பியது.

அது எப்படி என்று கேட்டால் சொல்ல ஆளுக்கொரு கதை இருக்கிறது. மின்சாரம் போகும்போது அவள் கை கம்பியில் இருந்தது என்பார்கள், ஆறு வருடம் ஊற்றிய தண்ணீர் வழி தெரிந்துகொண்டது என்பார்கள். அதை விடுங்கள். நடந்தது இவ்வளவுதான். அங்காயி காலனி முனையில் நிற்கும்வரை மீட்டர் காய்ந்த பாறை என்று சொன்னது. அவள் காலிக் குடத்தை வாங்கிப் போகத் தோப்புக்கு வந்து மீட்டர் பக்கத்தில் நின்றதும் எண் கிடுகிடுவென்று இறங்கியது. அவள் குடத்தோடு திரும்பியதும் மறுபடி ஏறியது. இன்பசேகரன் சார் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், ஒயரைக் கழற்றி மாட்டினார், பேட்டரியை மாற்றினார்.

"அங்காயி, திரும்ப இங்க வா."

வந்தாள். எண் இறங்கியது.

"போ."

போனாள். எண் ஏறியது.

ஒன்பது தடவை வரச் சொல்லி ஒன்பது தடவை போகச் சொன்னார். பத்தாவது தடவை அங்காயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சார், நா என்ன செக்குமாடா? இருக்கவா, போகவா, ஒண்ணச் சொல்லுங்க."

இன்பசேகரன் சார் படித்தவர், பொய் சொல்லத் தெரியாதவர், உண்மை சொல்லத் தைரியம் இல்லாதவர். அவருடைய படிவத்தில் ஆழம் எழுத இடம் இருந்தது, பாறை வகை எழுத இடம் இருந்தது, புள்ளி நடமாடுகிறது என்று எழுத இடம் இல்லை. அதனால் அவர் எதையும் எழுதாமல் தலைவரின் காதில் போய்ச் சொன்னார்.

இப்படி ஒன்று வேறு ஊரில் நடந்திருந்தால் வாய் பிளந்திருப்பார்கள். வெங்கக்கரட்டில் யாரும் வாய் பிளக்கவில்லை. ஒரு மனுஷியின் காலுக்குக் கீழே தண்ணீர் நடக்குமா என்று ஒருவர் கேட்கவில்லை. அவள் யாருக்கு என்றுதான் கேட்டார்கள். அன்று சாயங்காலமே ஊர்த்தெருக்காரர்கள் கோயில் பொட்டலில் கூடினார்கள். பெரியதம்பி ஆளனுப்பி அங்காயியைக் கூப்பிட்டு, இருபது வருடத்தில் முதல் தடவையாக, "வாத்தா" என்றார்.

"தோப்புல ரெண்டு நாளு நில்லாத்தா. போர் எறங்கட்டும். தண்ணி வந்தா மொதக் கொழா ஒங்க காலனிக்குத்தான்."

"எப்ப வரும் தலைவரே?"

"ரெண்டே மாசம்."

இரண்டு மாதம். கௌசல்யாவுக்கு ஒன்பது முடிந்திருக்கும். பிள்ளை பிறக்கிறபோது வாசலில் குழாய் இருக்கும், பிறந்த பிள்ளையைக் குவாரித் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டியிருக்காது. அங்காயி அதை மட்டும்தான் நினைத்தாள். சரி என்று தலையாட்டினாள்.

ரிக் வண்டி வந்தது. தோப்புக்கு நடுவில் அவளை நிறுத்தி, அவளுக்கு ஒரு எட்டுத் தள்ளி உளியை இறக்கினார்கள். காதடைக்கிற சத்தத்தில், வெள்ளைப் புழுதி தலையிலும் இமையிலும் படிய, ஒரு பகல் முழுக்க நின்றாள். இருநூற்று நாற்பது அடியில் தண்ணீர் பனை உயரத்துக்குப் பீறிட்டது. ஊர்த்தெருவில் வேட்டுப் போட்டார்கள். அவள் வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். உலை கொதிப்பதற்குள் தோப்பில் மோட்டார் காற்றை உறிஞ்சிக்கொண்டு அலறியது.

அதற்கப்புறம்தான் ஊர் தன் சாமர்த்தியத்தைக் காட்டியது. தோப்பின் ஓரத்தில் அவளுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். மோட்டார் ஓடும்போது அவள் எங்கே உட்கார வேண்டும் என்று சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்கள். அவள் ஒதுங்கப் போகும் நேரம்கூட மோட்டார் நிற்கும் நேரம் என்று வைத்தார்கள். தூக்கத்தில் புரண்டு படுத்ததால் காலையில் தண்ணீர் கலங்கலாக வந்தது என்று மூன்றாம் வீட்டு மருமகள் வந்து சண்டை போட்டாள். மினி பஸ் கண்டக்டரிடம் அவளை ஏற்றக்கூடாது என்று சொல்லி வைத்தார்கள். இனி எங்கள் ஊருக்குத் தண்ணீர் லாரி தேவையில்லை என்று பெருமையாக மனு எழுதி அனுப்பி லாரியை நிறுத்தினார்கள். நூறு தென்னைக்குப் பக்கத்தில் இன்னும் நூறு தென்னங்கன்று நட்டார்கள். பாலைபோலக் கிடக்கும் ஊரில், குடிக்க வழியில்லாத ஊரில், தென்னை!

அவள் காலுக்குக் கீழே இருந்து வருகிற தண்ணீரைக் குடிக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. அதுதான் அவர்களுக்கு வந்த ஒரே சந்தேகம். பூசாரி கண்ணை மூடி யோசித்து, இருநூற்று நாற்பது அடி பாறையைத் தாண்டி வருவதால் தண்ணீருக்குத் தோஷமில்லை என்றார். ஆனால் அவள் குழாயைத் தொடக்கூடாது என்றார். எல்லோருக்கும் திருப்தி. அன்றிலிருந்து அவளுக்கு வேண்டிய தண்ணீரைத் தலைவரின் சம்சாரம் நாச்சம்மாள் தூக்கிப் பிடித்துத் தூரத்திலிருந்து ஊற்றினாள், அவள் தன் சொம்பில் ஏந்திக்கொண்டாள். தன் காலடித் தண்ணீரை ஏந்தி வாங்கிக் குடித்தாள் அங்காயி. இதைச் சொல்லும்போது எனக்கே வாய் கசக்கிறது, குடித்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

காலனிக்குக் குழாய் வந்தது. பொய் சொல்லக்கூடாது, வந்தது. நீல பெயிண்ட் அடித்த இரும்புக் குழாய், பித்தளைத் திருகு, பக்கத்தில் தலைவர் பெயர் பொறித்த கல். தண்ணீர் மட்டும் வரவில்லை. தோப்புக்குப் பாய்ந்து, ஊர்த்தெரு நிரம்பி, மிச்சம் இருந்தால் திறப்பதாகச் சொன்னார்கள். மிச்சம் எந்த ஊரில் மிஞ்சியிருக்கிறது? கௌசல்யா நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு குவாரிக்கு நடந்தாள். போகிற வழி தோப்பு வேலியை ஒட்டித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தாய் சுண்ணாம்பு வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் மகள் காலிக் குடத்தோடு போனாள். முதல் நாள் "யம்மா" என்று கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள், பார்த்துவிட்டு மட்டும் போனாள். அந்தப் பார்வை அங்காயிக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

"தலைவரே, எம் மகளுக்கு நாளு நெருங்கிருச்சு. பத்து நாளு வீட்டுல இருந்துட்டு வாரேன்."

"பத்து நாளா? நட்ட கன்னு என்னாகும்?"

"எம் மக என்னாவான்னு கேக்க மாட்டீகளா?"

"டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நர்ஸ் பாத்துக்கிருவாங்க. நீ போயி என்ன செய்யப் போற?"

அன்று மத்தியானம் கோயில் ஒலிபெருக்கி ரேடியோவில் தீர்மானம் வாசித்தார்கள். அங்காயி இனிமேல் ஊர்ப் பொதுச் சொத்து. ஊராரின் சம்மதம் இல்லாமல் தோப்பை விட்டு நகரக்கூடாது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காலனியில் ஒருவரிடமும் கேட்காமல் ஏகமனதாக நிறைவேறியது. தன் பெயரை ரேடியோவில் அங்காயி கேட்டது அதுதான் முதல் தடவை. குளம், கோயில் காளை, சுடுகாட்டுக் கொட்டகை, அதற்கடுத்து அங்காயி.

மூன்றாம் நாள் காலனியிலிருந்து ராக்கம்மா ஓடி வந்தாள். குவாரிச் சரிவில் குடத்தோடு கௌசல்யா சறுக்கிவிட்டாள், வலி எடுத்துவிட்டது, ஆம்புலன்ஸ் எப்போது வருமோ தெரியவில்லை, அவள் "யம்மா, யம்மா" என்று கத்துகிறாள் என்று வேலிக்கு வெளியே நின்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

அங்காயி எழுந்தாள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பெரியதம்பி முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஒக்காரு அங்காயி. மோட்டாரு பொகஞ்சிரும்."

"பொகையட்டும்."

"ஊருக்குத் துரோகம் பண்ணாத."

அப்போதுதான் அங்காயிக்கு வந்தது. ஏழு வருடமாக அடிவயிற்றில் கிடந்தது, கம்பி கம்பியாக மண்ணில் அடித்து இறக்கியது, எல்லாம் சேர்ந்து வந்தது.

"எந்த ஊருக்குய்யா துரோகம்? எங்க இடுப்புத் தண்ணிய உப்புப் போட்டு மண்ணுல ஊத்தச் சொன்னீகளே, அப்ப நாங்க எந்த ஊரு? கோட்டுக்கு மொனையா எங்கள வச்சீக, நடுவா ஒங்கள வச்சீக. இப்ப நடுவே நாந்தேன். நடு இப்ப நடந்து போகுது. மறிக்க முடிஞ்சா மறிச்சுப் பாருங்க!"

அவர் கை விரித்தபடியே நின்றார். அவள் நேராக நடந்தாள். தடுக்க வேண்டுமென்றால் அவளைத் தொட வேண்டும். தீட்டு என்று அவர்களே போட்ட வேலி அந்த ஒரு நாள் அவளுக்குக் காவலாக நின்றது. ஒருவர் பின் ஒருவராக, சேலை உரசிவிடாமல், வழி விட்டு ஒதுங்கினார்கள். அவள் வேலியைத் தாண்டியதும் பின்னால் மோட்டார் வறண்ட தொண்டையில் இருமுவதுபோல் இருமி நின்றது.

கௌசல்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் வெந்நீர் வைக்கத் தண்ணீர் இல்லை. சறுக்கி விழுந்தவளின் குடம் சரிவிலேயே உடைந்துவிட்டது. ராக்கம்மா வீடு வீடாகப் போய் அரைச் சொம்பு, கால் சொம்பு என்று வாங்கிக்கொண்டு வந்தாள். பேத்தியைக் கையில் வாங்கிய அங்காயி, தன் காலுக்குக் கீழே இருநூற்று நாற்பது அடியில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்தும், பிள்ளையின் மேலிருந்த ரத்தத்தைத் தன் சேலையால்தான் துடைத்தாள். அந்த ஆத்திரத்தில் அவள் அழவில்லை. இன்பசேகரன் சாருக்குப் போன் போடச் சொன்னாள்.

அவர் மறுநாள் வந்தார். இந்தத் தடவை ஜீப்பைத் தலைவர் வீட்டில் நிறுத்த முடியவில்லை, அங்காயி முக்கு ரோட்டிலேயே மறித்து நின்றாள்.

"இந்த வருசத்துக்கு இன்னொரு போர் பாக்கி இருக்காமே சார். கோட்டத் திருப்பிப் போடுங்க. நடு காலனியில வரட்டும்."

"நான் என்னம்மா செய்ய? மீட்டர் சொல்றதத்தான் நான் எழுதுறேன்."

"மீட்டர எங்க வைக்கணும்னும் மீட்டரா சார் சொல்லுது?"

இன்பசேகரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். அப்புறம் டிரைவரிடம், காலனிக்கு விடு என்றார். மீட்டர் பெட்டியைக் காலனிக் குழாயடியில், தலைவர் பெயர் பொறித்த கல்லின் மேலேயே வைத்தார். கோட்டின் மேற்கு முனை தோப்புக்குள் போய் விழுந்தது. எண் இறங்கியது. புள்ளி: காலனி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரிக் வண்டி வர வழியில்லை என்று தலைவர் சொல்லியனுப்பினார். காலனி ஆண்கள் எல்லாம் குவாரியில் கல் உடைப்பவர்கள். இத்தனை வருடம் எவனெவன் வீட்டுக்கோ உடைத்தவர்கள், இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் தங்கள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறையை உடைத்துத் தள்ளினார்கள். வண்டி வந்தது. அங்காயி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வந்தது. காலனி நனைந்தது. கௌசல்யா வாசற்படியில் சாய்ந்துகொண்டு கையை நீட்டித் தூறலைப் பிடித்தாள்.

இத்தோடு முடிந்தது என்றால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் பொல்லாதது. பத்தாம் நாள் காலனிப் பையன்கள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள்.

"சின்னம்மா, காலையில மோட்டார் போடுற ஒரு மணி நேரம் மட்டும் எங்கயும் போயிராதீங்க."

அடுத்த வாரம் அது இரண்டு மணி நேரமாயிற்று. அதற்கடுத்து, கொத்தனார் வேலைக்குப் போகிற ஒருவன், அவள் எங்கே உட்கார்ந்தால் தண்ணீர் வேகமாக வருகிறது என்று பார்த்துச் செங்கல் துண்டால் ஒரு வட்டம் போட்டான். அங்காயி அந்த வட்டத்தைப் பார்த்தாள். சொந்தப் பிள்ளைகள் போட்ட வட்டம். தலைவரைப் பார்த்துக் கத்த முடிந்தது, இவர்களிடம் எப்படிக் கத்துவது?

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியதம்பி காலனிக்கு வந்தார். முதல் தடவையாக வந்தார். கேன் தண்ணீர் வண்டிக்காரன் சரியாக வருவதில்லை, நிறுத்தின லாரியைத் திரும்ப விடச் சொல்லிக் கொடுத்த மனு எந்த மேஜையில் கிடக்கிறதோ தெரியவில்லை, தென்னங்கன்றுகள் கருகிவிட்டன. ஊர்த்தெருப் பெண்களில் சிலர் புருஷனுக்குத் தெரியாமல் காலனிக் குழாயில் பின்பக்கமாக வந்து பிடித்துப் போனார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் தலைவர் குடத்தோடு வரவில்லை, ஒரு காகிதத்தோடு வந்தார்.

"பகல்ல இங்க இருக்கட்டும். ராத்திரி அங்க இருக்கட்டும். ரெண்டு பக்கத்துக்கும் நியாயம். கையெழுத்துப் போட்டுருவோம்."

அவர் காகிதத்தை அங்காயியிடம் நீட்டவில்லை. ஆண்களிடம் நீட்டினார். காலனி ஆண்கள் கோபப்பட்டார்கள், பகல் மட்டும் போதாது, சாயங்காலமும் வேண்டும் என்றார்கள். அவர் முடியாது என்றார். பேரம் சூடு பிடித்தது. யாருடைய காலைப் பங்கு போடுகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்காயி செங்கல் வட்டத்துக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கௌசல்யா பிள்ளையோடு வெளியே வந்து, அதைத் தாயின் மடியில் போட்டாள். காகிதத்தை வாங்கினாள். நாலாக மடித்துக் கிழித்தாள்.

"எங்கம்மா என்ன கெணறா? அவ எங்க போகணுமோ அங்க போவா. எப்ப வரணுமோ அப்ப வருவா. இருக்கும்போது பிடிச்சுக்கங்க, இல்லாதப்ப நாங்க குவாரிக்கு நடக்குறோம். நடந்த காலுதான? " பேரம் பேசிய காலனிக்காரர் ஒருவர் பக்கம் திரும்பினாள். "ஏன் மாமா, நீங்க வாயத் தெறங்க. நா சறுக்கி விழுந்த அன்னைக்கு இந்தத் தலைவரு எங்கம்மாவ விட மாட்டேன்னாரே, அப்ப அவர என்ன சொன்னீங்க? பாவின்னு சொன்னீங்க. இப்ப நீங்க யாரு?"

செங்கல் வட்டம் போட்டவன் காலால் அதை அழித்தான். ராக்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "புள்ள சொல்றது சரிதேன். எங்க குடத்துக்குக் காலிருக்கு," என்றாள். ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். பெரியதம்பி கிழிந்த காகிதத்தைப் பொறுக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அங்காயி அந்த வாரமே கிளம்பினாள். புதுக்கோட்டைப் பக்கம் தங்கச்சி இருந்தாள், பார்த்துப் பதினோரு வருடம். கைப்பிள்ளைக்காரி என்று கௌசல்யாவுக்கு மட்டும் நாலு குடம் நிரப்பி வைத்தார்கள். மற்றவர்களுக்குத் தொட்டி கட்டச் சிமெண்டு இன்னும் வந்து சேரவில்லை. மினி பஸ் கண்டக்டர் அவளைப் பார்த்ததும் ஊர்த்தெருப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் நகர்ந்து இடம் விட்டான். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது, காலனிக் குழாய் ஒரு தடவை உறுமிவிட்டு நின்றது, அங்கே குடம் வைத்திருந்தவர்கள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள்.

முக்கு ரோட்டில் கால் மணி நேரம் ஆள் ஏற்ற நின்ற பிறகு பஸ் போகிற ரோடு குவாரிப் பாதையைக் கொஞ்ச தூரம் ஒட்டிப் போகும். அங்கே காலனிப் பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ராக்கம்மா முன்னால் போனாள். பஸ்ஸைப் பார்த்ததும் கை காட்டினார்கள், ஒருத்தி சிரித்துக்கொண்டே, வரும்போது தீனி வாங்கி வரச் சொன்னாள். வரிசையின் கடைசியில், பத்தடி தள்ளி, இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். இத்தனை நாள் பின்பக்கமாக வந்து பிடித்தவர்கள். காலனிக் குழாயும் நின்றுவிட, வேறு கதியில்லாமல் வந்திருந்தார்கள். குவாரிக்கு எந்தப் பக்கம் போவது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அதில் நாச்சம்மாளும் இருந்தாள், தலைவரின் சம்சாரம், எவர்சில்வர் குடத்தை எப்படி வைப்பது என்று தெரியாமல் இடுப்பு மாற்றி இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து வழிய.

பஸ் மேட்டில் ஏற முடியாமல் மெதுவாகப் போனதால் அங்காயிக்கு அவர்கள் பேசியது கேட்டது.

"ஏடி..." என்று ஆரம்பித்த நாச்சம்மாள் நிறுத்திக்கொண்டாள். "ராக்கம்மா, இன்னும் எம்புட்டுத் தூரம்?"

ராக்கம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"இப்பத்தான தாயி கெளம்பிருக்கோம்."